பெரியாற்று ஏரிக் காட்டின் ஒற்றையடிப்பாதைகள்



மலைமேல் ஓர் ஏரி. அதனைச் சூழ்ந்து ஒரு பெருங்காடு. அக்காட்டின் ஊடே ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கத்தக்க குறுகிய பாதைகள் சில. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இவ்வளவே. தேக்கடி என்று பலரும் அறிந்த பெரியாற்று ஏரியையும், அதன் கரைக்காடுகளில் உள்ள ஒற்றையடிப்பாதைகளையும் பற்றிச் சில செய்திகளை விளக்க விரும்புகிறேன்.

என் ஆசிரியப் பணியின் பெரும்பகுதி கம்பம் பள்ளத்தாக்கில் கழிந்தது. பள்ளியின் முற்றத்தில் நின்று மேற்கே நோக்கினால் அம்மலைத் தொடர் தெரியும். ஆண்டுதோறும் மாணவர் சிலரை அங்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். குமுளி எல்லையைத் தாண்டியதும் அவர்களுள் யாரேனும் ஒருவன் தவறாமல் ஒரு கேள்வி கேட்பான். காடு எல்லார்க்கும் பொதுவானதுதானே, நாமாகப் போய் நடந்துவிட்டு வந்தால் என்ன, கட்டணம் எதற்கு, அனுமதி எதற்கு, முன்னால் ஒருவர் வழிகாட்டிச் செல்வது எதற்கு என்பதே அக்கேள்வி. நியாயமான கேள்விதான். "விதி அப்படி" என்று சொல்லி மாணவனின் வாயை அடைப்பது ஆசிரியனுக்கு அழகன்று. விதிக்குக் காரணம் காட்டவேண்டும். அக்காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் ஏரியைப் பற்றிச் சொல்லவேண்டும். இது இயற்கையாக அமைந்த ஏரி அன்று; மனிதன் அமைத்தது. பெரியாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, மேற்கு நோக்கி ஓடி, அரபிக் கடலில் கலக்கும் ஆறு. மலையின் மேற்கே மழை மிகுதி. கிழக்கே வைகை பாயும் நிலங்கள் அடிக்கடி வறட்சியால் வாடியவை. மேற்கே வீணே கடலில் சேரும் நீரில் ஒரு பகுதியைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினால் என்ன என்னும் எண்ணம் நெடுங்காலமாகவே இருந்தது. 1886-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது. 1887-இல் பணி தொடங்கியது. பொறியியல் வல்லுநரான ஜான் பென்னிகுயிக் அதனை முன்னின்று நடத்தினார். சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிக் காரையையும் கல்லையும் கொண்டு அணை எழுப்பப்பட்டது. வெள்ளம் வந்து கட்டியதை அடித்துச் சென்றதும் உண்டு. காய்ச்சலாலும் விபத்தாலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர் அக்காட்டிலேயே உயிர் நீத்தனர். 1895-இல் பணி நிறைவேறியது.

அணையின் பின்னே நீர் தேங்கவே, பள்ளத்தாக்குகள் மூழ்கின, குன்றுகள் தீவுகளாயின. ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர் பரப்பில், பல கைகளை விரித்தாற்போன்ற வடிவில் ஏரி அமைந்தது. அன்று நீரில் மூழ்கிய மரங்களின் கருத்த அடிமரங்கள் இன்றும் நீருக்கு மேலே நின்றுகொண்டிருக்கின்றன. நூற்றாண்டைக் கடந்த அந்த மரக்கட்டைகளின்மேல் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும் காட்சி, அங்குச் சென்ற எவர்க்கும் மறவாது. ஏரியின் நீர் ஒரு மைலுக்குச் சற்று மிகுந்த நீளமுள்ள சுரங்கத்தின் வழியே மலையைக் கடந்து, நம் பக்கம் இறங்கி, மின்சாரம் தந்து, சுருளியாற்றின் வழியாக வைகையைச் சேருகிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் நிலங்களுக்கு அந்நீர் உதவுகிறது. ஏரி இருப்பது கேரள மாநிலத்தில். எனினும், அதன் கரைக்காடு அழிந்தால் நம் வயலும் வாடும் என்பதை மறத்தலாகாது.

காட்டுக்கும் ஏரிக்கும் உள்ள தொடர்பு யாது? மழைத்துளி வெறுந்தரையில் நேரே விழுந்தால் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு ஓடும். காட்டில் விழும் துளி முதலில் மரத்தின் உச்சி இலையில் விழுகிறது, பின்னர்ச் செடியில், பின்னர்த் தரையில் மெத்தைபோல் கிடக்கும் சருகில். வேகம் தணிந்து மண்ணுள் இறங்குகிறது. அங்கே வேர்கள் அதனைப் பிடித்துவைத்து, சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகின்றன. மழை நின்று பல நாட்கள் சென்ற பின்னும் மலையோடைகள் தெளிந்து ஓடுவதற்கு இதுவே காரணம். காடு அழிந்தால் மழைக்காலத்தில் சேறும், கோடையில் வறட்சியுமே மிஞ்சும். சேறு ஏரியின் அடியில் படிந்து, அதன் கொள்ளளவைக் குறைக்கும்.

இதனை உணர்ந்தே அக்காடு படிப்படியாகப் பாதுகாக்கப்பட்டு வந்துள்ளது. 1899-இல் ஏரியைச் சூழ்ந்த காடு ஒதுக்கப்பட்ட காடாக்கப்பட்டது. 1934-இல் ஒரு பகுதி வேட்டை விலங்குச் சரணாலயமாயிற்று. 1950-இல் அது விரிவாக்கப்பட்டது. 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். யானை, காட்டுமாடு, கடமான், காட்டுப்பன்றி, செந்நாய், கருமந்தி, சோலைமந்தி, மலையணில் முதலியவை அங்கு வாழ்கின்றன. ஏரியில் நீர்நாய்கள் குடும்பம் குடும்பமாக மீன்பிடித்துத் திரிகின்றன. புலியும் உண்டு, ஆயினும் அதனைக் காண்பது அரிது.

இனிப் பாதைகளுக்கு வருவோம். காட்டின் பாதைகளைப் பொறியியலார் வகுத்ததில்லை. பல பாதைகளை முதலில் வகுத்தவை யானைகளே. பெருத்த உடலைச் சுமந்து செல்லும் யானை, செங்குத்தான சரிவைத் தவிர்த்து, சாய்வு குறைந்த வழியையே தேர்ந்து நடக்கும். தலைமுறை தலைமுறையாக அவை நடந்த தடத்தில் மன்னான், பளியர் முதலிய பழங்குடி மக்கள் நடந்தனர். அவர்கள் நடந்த வழியில் வனக்காவலர் நடந்தனர். இன்று அவற்றுள் சிலவற்றில் பார்வையாளரையும் அழைத்துச் செல்கின்றனர்.

நடைகள் பல வகைப்படும். காலையில் சில மணி நேரம் ஏரிக்கரைக் காட்டைச் சுற்றி வரும் இயற்கை நடை ஒன்று. இது மாணவர்க்கு ஏற்றது. பாதித் தொலைவு நடந்து, பாதித் தொலைவு மூங்கில் தெப்பத்தில் ஏரியைக் கடக்கும் முழுநாள் பயணம் ஒன்று. மாநில எல்லையை ஒட்டிய மலைமுகட்டில் ஏறி நடப்பது ஒன்று. அங்கு நின்று நோக்கினால் ஒருபுறம் பசுங்காடும் மறுபுறம் நமது கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் ஒருங்கே தெரியும். காட்டுக்குள் கூடாரமடித்து இரவு தங்கி நடப்பது மற்றொன்று. எல்லாவற்றிலும் குழு சிறியது. வழிகாட்டி உடன் வருவார். நீண்ட நடைகளில் துப்பாக்கி ஏந்திய வனக்காவலரும் வருவார். இவ்வேற்பாடுகள் பருவத்துக்கேற்ப மாறக்கூடியவை. ஆதலின் செல்ல விரும்புவோர் வனத்துறையாரிடம் முன்னரே கேட்டறிதல் நன்று.

நடக்கும் முறையிலும் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்வேன்.

பளிச்சென்ற வெள்ளை, சிவப்பு ஆடைகளைத் தவிர்த்து, பச்சை அல்லது பழுப்பு நிற ஆடை அணிக என்பர். விலங்குகள் தொலைவிலேயே நம்மைக் கண்டு கலையாதிருத்தற்கு அது. மணத்தைலம் பூசாதீர் என்பர். யானைக்குக் கண்பார்வை குறைவு, ஆனால் மோப்பம் மிகக் கூர்மை. மழைக்காலத்தில் முழங்கால் வரை இறுகக் கட்டும் துணிக் காலுறை தருவர். அது அட்டைக் கடிக்குக் காப்பு. பேசாமல் நடக்க என்பர். இதனை மரியாதைக்காகச் சொல்வதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வழிகாட்டி தம் செவியைக்கொண்டே காட்டைப் படிக்கிறார். புலியையோ சிறுத்தையையோ கண்டால் கடமான் ஒருவகையாகக் கத்தும். கருமந்தி மரத்தின்மேலிருந்து எச்சரிக்கும். கிளை முறியும் ஓசை கேட்டால் அருகில் யானை மேய்கிறது என்று பொருள். நாம் பேசிக்கொண்டே போனால் அவர் செவியை நாமே பொத்தியவர்களாவோம்.

பாதையின் மண்ணும் ஒரு பாடநூல்தான். ஈரமண்ணில் பதிந்த நாயின் அடித்தடத்தில் நகங்களின் குறி தெரியும். புலியோ நடக்கும்போது நகங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும்; ஆதலின் அதன் தடத்தில் நகக்குறி காணப்படாது. யானையின் முன்காலடித் தடத்தின் சுற்றளவை ஒரு கயிற்றால் அளந்து அதனை இரட்டித்தால், அந்த யானையின் தோள் உயரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். என் மாணவர்கள் ஒருமுறை அவ்வாறு அளந்து, கணக்குப் போட்டு, எட்டடிக்கு மேல் என்று விடை வந்ததும், குரலை அடக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அதன்பிறகு எவனும் அமைதி காக்கும்படி சொல்லப்பட வேண்டியிருக்கவில்லை!

இங்கு ஓர் ஐயம் எழலாம். இவற்றையெல்லாம் ஒரு பலகையில் எழுதிவைத்தால் போதாதா, வழிகாட்டி எதற்கு என்று கேட்கலாம். இதற்கு விடை சொல்ல, அந்த வழிகாட்டிகளுள் சிலர் யார் என்பதைச் சொல்லியாகவேண்டும்.

அக்காட்டில் இலவங்க இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் உண்டு. அதன் பட்டை மணமுள்ளது, சந்தையில் விலைபோவது. வயணப்பட்டை என்பது அதன் பெயர். ஒருகாலத்தில் குமுளிப் பகுதியைச் சேர்ந்த சிலர் சட்டத்தை மீறிக் காட்டில் புகுந்து, இப்பட்டையை உரித்துத் தலைச்சுமையாக எடுத்துச் சென்று விற்றுவந்தனர். மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் என்ன நேரும் என்பதைத் தாவரவியல் படிக்கும் மாணவர் அறிவர். இலைகளில் உண்டாகும் உணவு பட்டையின் உட்புறத்துக் குழாய்களின் வழியாகவே வேருக்கு இறங்குகிறது. வழி அறுந்தால் வேர் பட்டினி கிடக்கும்; நாளடைவில் மரம் பட்டுப்போகும். ஒருவர் சுமந்த சுமையில் பல மரங்களின் உயிர் இருந்தது.

அவ்வாறு செய்தோர் பெருஞ்செல்வராயினரா எனில், இல்லை. இலாபம் இடைத்தரகர்க்கே போயிற்று. வழக்கும் கடனும் ஒளிந்து வாழும் வாழ்க்கையுமே சுமந்தவர்க்கு எஞ்சின. 1996 முதல் நாட்டின் சில சரணாலயங்களில் உலக வங்கியின் உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. பெரியாறு அவற்றுள் ஒன்று. காட்டை அதன் அருகில் வாழும் மக்களுக்கு எதிராகக் காக்க முடியாது, அவர்களைக்கொண்டே காக்கவேண்டும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. வனத்துறையினர் பட்டை உரித்தோரை அழைத்துப் பேசினர். இருபதுக்கும் மேற்பட்டோர் அத்தொழிலை விட்டனர். அவர்களைக்கொண்டே ஒரு குழு அமைத்து, பார்வையாளரைக் காட்டுக்குள் நடத்திச் சென்று கூடாரத்தில் தங்கவைக்கும் பணி அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பழங்குடி மக்களுள் தடம் பார்ப்பதில் வல்லவரைக்கொண்டு வேறு குழுக்களும் அமைந்தன.

இதன் நுட்பத்தை மாணவர்கள் ஊன்றி நோக்கவேண்டும். காவலர் அறியாத வழிகளை அறிந்தவர்கள் அவர்கள். எந்தப் பள்ளத்தில் மறைந்திருக்கலாம், எந்த ஓடையருகே அடுப்பு மூட்டலாம், எந்த முகட்டின் வழியே இரவில் எல்லை தாண்டலாம் என்பனவெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அந்த அறிவு முன்பு காட்டை அழிக்கப் பயன்பட்டது. இப்போது காக்கப் பயன்படுகிறது. கால் அதே கால். பாதையும் அதே பாதை. நடக்கும் நோக்கம் ஒன்றே மாறியது. பார்வையாளரோடு அவர்கள் நடக்கும் ஒவ்வொரு நாளும் அப்பாதை காவல் காக்கப்படுகிறது. நாம் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கு அவர்கள் வீட்டு அடுப்பில் எரிகிறது. கட்டணம் எதற்கு என்ற கேள்விக்கு இதுவே விடை.

வழிகாட்டியாக வந்த முதியவர் ஒருவரிடம், பழைய தொழிலை எண்ணி வருந்துகிறீரா என்று நான் ஒருமுறை மெல்லக் கேட்டேன். அவர் நேரே விடை சொல்லவில்லை. பாதையோரத்தில் நின்ற ஓர் இளமரத்தின் பட்டையைக் கையால் தடவிக் காட்டினார். அது வயணமரம். இவ்வளவு பருமனாக அது வளர்ந்ததைத் தாம் முன்பு கண்டதில்லை என்று மட்டும் சொல்லி, முன்னே நடந்தார்.

ஆடவர் மட்டுமே இப்பணியைச் செய்கின்றனர் என எண்ணற்க. 2002 முதல் வசந்தசேனா என்னும் பெயரில் குமுளிப் பகுதிப் பெண்கள் நாளுக்குச் சிலராக முறைவைத்து, ஊதியம் பெறாமல் காட்டில் ரோந்து சுற்றி வந்திருக்கின்றனர். வீட்டு வேலையை முடித்துவிட்டு, கையில் ஒரு கோலுடன் அப்பெண்கள் நடந்த நடையும் அக்காட்டுக்கு வேலியாயிற்று.

மலையேறுவதால் வரக்கூடிய துன்பத்துக்கு, நம் மாவட்டத்திலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. 2018 மார்ச் 11 அன்று, போடிநாயக்கனூருக்கு மேலுள்ள குரங்கணி மலையில் மலையேற்றம் சென்ற குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் இளைஞர். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி மிக விரைந்து ஏறும். ஏனெனில், எரியும் புல்லின் வெப்பம் மேலே எழுந்து, மேலுள்ள புல்லை முன்னரே உலர்த்தித் தீப்பற்ற ஆயத்தமாக்கிவிடுகிறது. மேட்டை நோக்கி ஓடும் மனிதனைத் தீ எளிதில் முந்திவிடும். எந்தப் பருவத்தில் எந்தச் சரிவில் கால் வைக்கலாகாது என்பதை மலையிலேயே வாழ்பவர் அறிவர். கோடையில் தீ மூளும் பருவத்தில் பாதைகளை வனத்துறையினர் மூடிவைப்பது இதனாலேயே. மூடிய பாதையைத் திறந்துகொண்டு செல்வது வீரமன்று.

இன்னும் ஒரு செய்தி. மலைப்பாதை வளைந்து வளைந்து செல்லும். இளைஞர்க்கு அது பொறுக்காது. வளைவை விட்டு நேரே குறுக்கு வழியில் இறங்கப் பார்ப்பர். பத்துப் பேர் இறங்கினால் புல் தேயும். நூறு பேர் இறங்கினால் மண் தெரியும். அடுத்த மழையில் அக்குறுக்கு வழியே நீரோடும் வாய்க்காலாகி, மண்ணை அரித்துக் கொண்டுபோய் ஏரியில் சேர்க்கும். மேலே ஒருவன் மிச்சப்படுத்திய ஐம்பது தப்படி, கீழே ஏரிக்குச் சேறாகிறது. ஒருவர் பின் ஒருவராக, முன்னவர் அடிவைத்த இடத்திலேயே அடிவைத்து நடக்கச் சொல்வதன் பொருள் இதுதான்.

எல்லாம் குறைவற நடக்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. படகுத்துறைப் பக்கம் விடுமுறை நாட்களில் கூட்டமும் இரைச்சலும் மிகுதி. ஏழை மாணவர்க்குக் கட்டணம் சுமையாகவும் இருக்கலாம். அத்தகையோர்க்கு ஒரு வழி உண்டு. பள்ளி, கல்லூரி மாணவர்க்கென இயற்கைக் கல்வி முகாம்களைக் கேரள வனத்துறை நடத்தி வருகிறது. கல்வி நிறுவனத்தின் வாயிலாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் ஆசிரியரிடம் இதனை எடுத்துச் சொல்லுங்கள். அவர் மறந்தால் மீண்டும் நினைவூட்டுங்கள். மாணவரின் இத்தகைய தொந்தரவை எந்த நல்லாசிரியரும் விரும்பவே செய்வார்.

செல்லும்போது ஒரு சிறு குறிப்பேடும், ஒரு முழக் கயிறும் எடுத்துச் செல்லுங்கள். கயிற்றை யானைத் தடத்தில் பல முறை மடக்கி வைத்து அளக்கலாம். உணவுப் பொட்டலத்தின் தாளைக்கூடத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். கண்ட பறவை, கேட்ட ஒலி, பார்த்த தடம் ஆகியவற்றை அன்றிரவே எழுதிவையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னே நடப்பவரிடம் பணிவோடு கேளுங்கள். அவர் பட்டம் பெறாதவராக இருக்கலாம். ஆனால் நீங்கள் நடக்கும் அக்காடு இன்றும் நிழல் தருவதற்கும், அதன் கீழுள்ள ஏரியில் நீர் தெளிந்து நிற்பதற்கும் அவர்தம் கால்களும் ஒரு காரணம்.